தோற்றவரைப் படையாக்கிய ரோம்

கி.மு. 215-ஐ ஒட்டி, மாசிடோனிய மன்னர் ஐந்தாம் பிலிப் வட கிரேக்கத்திலிருந்த லாரிசா நகருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். போர்களால் அந்த ஊரில் ஆள் குறைந்துவிட்டது. நிலங்கள் உழுவாரின்றிக் கிடந்தன. ஊரில் தங்கியிருக்கும் மற்ற கிரேக்கர்களுக்கும் குடியுரிமை கொடுத்து ஊரை நிரப்புங்கள் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். லாரிசாக்காரர்கள் கொடுத்தார்கள், பிறகு அந்தப் பெயர்களைப் பட்டியலிலிருந்து அடித்தும் விட்டார்கள். எரிச்சலோடு எழுதிய இந்த இரண்டாவது கடிதத்தில் மன்னர் காட்டிய உதாரணம் ரோம். ரோமானியர் விடுதலை பெற்ற அடிமையைக்கூடக் குடிமகனாக்குகிறார்கள். அதனால்தான் தாங்களும் பெருத்தார்கள், ஏறக்குறைய 70 இடங்களில் குடியேற்றங்களும் வைத்திருக்கிறார்கள் என்பது அவர் வாதம்.

கல்லில் வெட்டிய அந்தக் கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. 70 என்பது மிகைதான். ஆனால் இதை எழுதியவர் ரோமின் நண்பரல்லர். அதே கி.மு. 215-ல் ரோமுக்கு எதிராகக் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலோடு உடன்படிக்கை செய்துகொண்டவர். தன் எதிரியின் பலம் வாளிலோ கேடயத்திலோ இல்லை, ஆட்களைச் சேர்க்கும் முறையில் இருக்கிறது என்று ஒரு மன்னர் கண்டுபிடித்திருக்கிறார்.

கணிப்பு சரி. கி.மு. 400 வாக்கில் ரோம் டைபர் ஆற்றங்கரையில் ஓர் ஊர். அதன் முதல் எதிரியான வேயி நகரம் 16 கி.மீ. தொலைவில்தான் இருந்தது. அடுத்த 130 ஆண்டுகளில் இத்தாலியத் தீபகற்பம் ஏறக்குறைய முழுதும் அதன் கைக்குள் வந்தது. இடையில் ரோம் தோற்காமலும் இல்லை. கால் (Gaul) இனத்தார் வந்து நகரத்தையே சூறையாடினார்கள். கி.மு. 321-ல் காடியம் கணவாயில் சாம்னைட் மலைமக்களிடம் ஒரு முழுப்படையும் சரணடைந்து, ஈட்டிகளால் கட்டிய தாழ்ந்த வாயிலுக்கடியில் குனிந்து வெளியேறியது. போரில் வெல்கிற ஊர்கள் அந்தக் காலத்தில் பல. வென்ற ஊர் கையைவிட்டுப் போகாமல் வைத்திருந்தவை குறைவு.

தொடக்கத்தில் ரோமும் எல்லோரையும் போலத்தான் நடந்தது. கி.மு. 396-ல் வேயி விழுந்தபோது உயிர் பிழைத்தவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். அவர்களுடைய நிலம் ரோமானியக் குடும்பங்களுக்குத் தலைக்கு 7 யூகெரம், அதாவது நாலேகால் ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலாக, பிரித்துக் கொடுக்கப்பட்டது. ஊர் தெய்வத்தையும் விடவில்லை. வேயியின் காவல் தெய்வமான ஜூனோவின் சிலையைத் தூக்கப்போன இளைஞர்களில் ஒருவன், ரோமுக்கு வர விருப்பமா என்று கேட்டதாகவும், சிலை தலையசைத்ததாகவும் ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். தலையசைத்ததோ இல்லையோ, ரோமின் அவென்டைன் குன்றில் அவளுக்குக் கோயில் எழுந்தது.

15 ஆண்டுகளுக்குப் பிறகு, கி.மு. 381-ல், துஸ்குலம் என்ற லத்தீன் ஊர் வேறு வழியைக் கையாண்டது. துரோகம் செய்தார்கள் என்று ரோமானியப் படை கிளம்பி வருகிறது. ஊரோ கதவைச் சாத்தவில்லை. லிவி வர்ணிக்கும் காட்சி இது: வயலில் உழவர்கள் வேலையை விடவில்லை, கடைகள் திறந்து சரக்குகள் பரப்பியிருந்தன, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பாடம் ஒப்பிக்கும் சத்தம் தெருவரை கேட்டது. யாரோடு போரிடுவது என்று தெரியாமல் தளபதி நின்றார். முடிவில் அந்த ஊர்க்காரர்கள் ரோமானியக் குடிமக்களானார்கள். ஊரும் கலையவில்லை, ஊர்ச் சபையும் கலையவில்லை. நடந்து மூன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு எழுதியவர் லிவி என்பதால் பள்ளிக்கூடச் சத்தத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துக் கேட்கலாம். குடியுரிமை கொடுத்தது உண்மை. தோற்ற ஊரை அழிக்காமல் உள்ளே இழுத்துக்கொள்ளலாம் என்பதை ரோம் அங்கே கற்றது.

அந்தப் பாடம் முறையாக மாறியது கி.மு. 338-ல். அக்கம்பக்கத்து லத்தீன் ஊர்கள் சேர்ந்து ரோமை எதிர்த்து நடத்திய போர் அந்த ஆண்டு முடிந்தது. எல்லோரையும் மொத்தமாகத் தண்டிக்கலாம், மொத்தமாக மன்னிக்கலாம். ரோமின் ஆட்சி மன்றமான செனட் இரண்டையும் செய்யவில்லை. ஊர் ஊராகப் பெயர் சொல்லி, தனித்தனியாகத் தீர்ப்பு எழுதியது.

லானூவியம், அரிக்கியா, நோமென்டம், பேடும் ஆகிய நான்கு ஊர்களுக்கு முழுக் குடியுரிமை. வெலித்ரே பழைய குடிமக்கள் ஊர். அடிக்கடி கலகம் செய்ததால் மதில் இடிக்கப்பட்டது, ஊர்ச் சபையினர் டைபருக்கு அப்பால் துரத்தப்பட்டார்கள். ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் பிடிபட்டால் பிணைத்தொகை 1,000 ராத்தல் வெண்கலம். (இதே வெலித்ரேயிலிருந்து வந்த குடும்பத்தில்தான் மூன்று நூற்றாண்டுக்குப் பின் பேரரசர் அகஸ்டஸ் பிறந்தார்.) கடலோர ஆன்டியத்தின் போர்க்கப்பல்கள் பறிக்கப்பட்டன, கடலில் இறங்கவே தடை. சில கப்பல்களை எரித்து, அவற்றின் முட்டுமுனைகளைக் கழற்றி ரோமின் பொதுச் சதுக்கத்துப் பேச்சுமேடையில் பொருத்தினார்கள். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் விரும்பினால் அங்கே போகும் ரோமானியக் குடியேற்றத்தில் பெயர் கொடுக்கலாம் என்று ஒரு கதவையும் திறந்து வைத்தார்கள். திபூரும் பிரேனெஸ்தேயும் நிலத்தை இழந்தன, சுதந்திர நேசநாடுகளாகத் தொடர்ந்தன. தெற்கே காபுவா, கூமே போன்ற ஊர்களுக்கு வாக்கில்லாத குடியுரிமை. அவர்கள் ரோமானியரோடு மணம் செய்யலாம், வியாபாரம் செய்யலாம், படையில் சேர்ந்தாக வேண்டும். தேர்தலில் மட்டும் பங்கில்லை.

மிச்சமிருந்த லத்தீன் ஊர்களுக்கு விதித்த நிபந்தனைதான் இதில் கூர்மையானது. அவை தங்களுக்குள் பெண் கொடுத்து எடுக்கக் கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது, கூடிப் பேசக் கூடாது. பக்கத்து ஊரில் பிறந்த மருமகளின் பிள்ளைக்குச் சட்டப்படி சொத்துரிமை கிடையாது, பக்கத்து ஊரில் வாங்கிய நிலத்துக்குப் பாதுகாப்பு கிடையாது என்றால் உறவு எத்தனை நாள் நிற்கும்? நேற்றுவரை ஒரே திருவிழாவுக்குக் கூடியவர்களுக்கு இனி எல்லா வழியும் ரோம் வழியாகத்தான். ஒரே பந்தியில் இலைக்கு இலை வேறு வேறாகப் பரிமாறினால், சாப்பிடுகிறவன் பக்கத்து இலையைத்தான் பார்ப்பான். பரிமாறுகிறவனிடம் சண்டைக்குப் போக மாட்டான்.

தோற்றவர்களிடம் ரோம் கேட்டது என்ன என்பது அடுத்த கேள்வி. பாரசீகப் பேரரசு கப்பம் வாங்கியது. ஏதென்ஸ் தன் கூட்டாளிகளிடம் ஆண்டுதோறும் வெள்ளி வாங்கியது. ரோம் இத்தாலிய நேசநாடுகளிடம் வரி கேட்கவில்லை. ஆள் கேட்டது. இன்ன ஊர் இத்தனை வீரர்களை அனுப்ப வேண்டும் என்று பட்டியல் இருந்தது. அவர்களுக்கான கூலியைச் சொந்த ஊரே கொடுக்க வேண்டும். களத்தில் தானியத்தை மட்டும் ரோம் இலவசமாக அளந்தது. மற்றபடி ஊரின் சட்டம், மொழி, சாமி, சந்தை எதிலும் பெரிதாகக் கைவைக்கவில்லை. கூமே நகரம் கி.மு. 180-ல் தானாகவே ரோமிடம் விண்ணப்பித்து, பொதுக் காரியங்களில் லத்தீன் பேசவும் ஏலக்காரர்கள் லத்தீனில் கூவி விற்கவும் அனுமதி வாங்கியது. திணிக்காத மொழியை ஊர்க்காரர்களே போய்க் கேட்டு வாங்கும் நிலை வந்துவிட்டது.

இந்த ஏற்பாட்டில் ஓர் உள்விசை உண்டு. பணமாக வரும் கப்பத்தைக் கஜானாவில் பூட்டி வைக்கலாம். ஆளாக வரும் கப்பத்தைப் போருக்குப் போனால்தான் பயன்படுத்த முடியும். ஓராண்டு போரில்லை என்றால் அந்த ஆண்டு நேசநாடுகள் ரோமுக்குக் கொடுத்தது ஒன்றுமில்லை என்றாகிவிடும்; கட்டுப்படும் பழக்கமும் விட்டுப்போகும். ரோம் ஏன் வருஷா வருஷம் படையெடுத்தது என்பதற்கு வரலாற்றாசிரியர்கள் சொல்லும் காரணங்களில் இது முக்கியமானது. போனவர்களுக்குக் கொள்ளையில் பங்கு கிடைத்தது. நேற்று தோற்றவன் இன்று அடுத்த ஊரைத் தோற்கடித்து லாபம் பார்த்தான்.

கி.மு. 225-ல் ஆயுதம் எடுக்கத் தகுதியுள்ளவர்களாகப் பதிவாகியிருந்த ரோமானியரும் நேசநாட்டாரும் மொத்தம் 7 லட்சத்துக்கு மேற்பட்ட காலாட்கள், 70,000 குதிரை வீரர்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் கணக்குக் கொடுக்கிறார். ஹன்னிபால் இத்தாலிக்குள் கால்வைத்தபோது அவரிடம் இருந்தது சுமார் 26,000 பேர்.

ஒப்பந்தம் காகிதத்தில் இருந்தால் போதாது, கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் குடியேற்றங்கள். கி.மு. 334-ல் காலெஸ் நகருக்கு 2,500 குடும்பத் தலைவர்கள் போனார்கள், கி.மு. 303-ல் மலைநாட்டு ஆல்பா ஃபூகென்ஸுக்கு 6,000 பேர். இவை 'லத்தீன் குடியேற்றங்கள்'. போகிற ரோமானியர் தன் குடியுரிமையை விட்டுக்கொடுத்துவிட்டு, பதிலுக்கு ரோமில் கனவிலும் கிடைக்காத அளவு நிலம் பெற்றார். கூடவே ஏழை லத்தீன்களும் மற்ற நேசநாட்டாரும் போனார்கள். இடங்களைத் தேர்ந்தெடுத்த விதம் எந்தத் தளபதிக்கும் பெருமை தரும்: கணவாய் வாய், ஆற்றைக் கடக்கும் துறை, இரண்டு எதிரிகளுக்கு நடுவே உள்ள மேடு. லிரிஸ் ஆற்றங்கரையில் கி.மு. 328-ல் நட்ட ஃப்ரெகெல்லே, சாம்னைட்டுகள் தங்கள் பங்கு என்று கருதிய மண்ணில் இருந்தது. அதுவே இரண்டாம் சாம்னைட் போருக்கு ஒரு காரணமானது.

குடியேறியவர்களோடு அளவைக்காரர்களும் போனார்கள். அவர்கள் கையில் 'குரோமா' என்ற கருவி: ஒரு கம்பு, அதன் உச்சியில் சிலுவைபோல் இரண்டு சட்டம், நான்கு முனையிலும் தொங்கும் குண்டுநூல். நூலோடு நூல் பார்த்து நேர்கோடு பிடிப்பார்கள். பக்கத்துக்குச் சுமார் 710 மீட்டர் உள்ள சதுரங்களாக நிலம் பிரியும். ஒரு சதுரம் 200 யூகெரம், ஏறக்குறைய 125 ஏக்கர். வட இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளிக்கு மேல் விமானத்தில் போகிறவர்கள் இன்றும் கீழே அந்தக் கட்டங்களைப் பார்க்கலாம். வாய்க்கால், வரப்பு, கிராமத்துச் சாலை எல்லாம் 2,000 ஆண்டுக்கு முந்தைய கோட்டிலேயே ஓடுகின்றன. முன்பு அங்கே இருந்தவர்களின் வேலிகள் எப்படி ஓடின என்பதை அந்தக் கட்டங்கள் அழித்துவிட்டன.

குடியேற்றங்களைக் கோத்தவை சாலைகள். கி.மு. 312-ல் ஆப்பியஸ் கிளாடியஸ் ரோமிலிருந்து காபுவாவுக்குப் போட்ட ஆப்பியன் சாலை சுமார் 195 கி.மீ. அப்போது நடந்துகொண்டிருந்த சாம்னைட் போருக்குப் படை அனுப்பவே அது தேவைப்பட்டது. பிறகு அது நாட்டின் குதிகால் வரை, பிருந்திசியம் துறைமுகம் வரை நீண்டது. 2024 ஜூலையில் புதுடெல்லியில் கூடிய யுனெஸ்கோ கூட்டம் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இன்னொரு கருவி சத்தமில்லாதது: உள்ளூர்ப் பெரிய குடும்பங்கள். எட்ரூரியா வட்டாரத்து அரெட்டியம் நகரில் கில்னி என்ற செல்வக் குடும்பத்தை ஊர் மக்கள் துரத்தக் கிளம்பியபோது ரோம் குறுக்கிட்டதாக மரபு சொல்கிறது. கி.மு. 264-ல் நடந்தது இன்னும் வெளிப்படையானது. வோல்சினி நகரில் அடிமைகளாக இருந்தவர்கள் ஆட்சியைப் பிடித்துவிட்டார்கள். பழைய எஜமானர்கள் ரோமிடம் முறையிட, படை வந்தது, ஊர் தரைமட்டமானது. எஜமானர்களுக்கு வேறிடத்தில் புது ஊர் கட்டிக் கொடுக்கப்பட்டது. ரோமானியர் அங்கிருந்து 2,000 வெண்கலச் சிலைகளை அள்ளிப்போனதாக ஒரு பழைய குற்றச்சாட்டு உண்டு. எந்த ஊரிலும் சொத்துள்ளவன் தன் சொந்த ஊர் ஏழையைக் கண்டு பயப்படும்வரை, ரோமுக்கு அங்கே காவல்படை நிறுத்த வேண்டிய தேவையில்லை. துணிந்தவர்களுக்கு மேலே போகவும் இடமிருந்தது. துஸ்குலத்தைச் சேர்ந்த லூசியஸ் ஃபுல்வியஸ் ஒரே ஆண்டில் கலக ஊரின் தலைவராகவும், கட்சி மாறி ரோமின் தலைமை அதிகாரியான கான்சலாகவும் இருந்து, தன் ஊர்க்காரர்களையே வென்றதாக வெற்றி ஊர்வலம் நடத்தினார் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். அரசியலில் கட்சித் தாவல் ஒன்றும் புதிதல்ல.

கட்டிய வீடு உறுதியா என்று தட்டிப் பார்த்தவர் ஹன்னிபால். கி.மு. 217-ல் டிராசிமின் ஏரிக்கரையில் ரோமானியப் படையை அழித்தபின், பிடிபட்டவர்களை இரண்டாகப் பிரித்தார். ரோமானியருக்கு விலங்கு. நேசநாட்டாருக்கு மீட்புப்பணம்கூட இல்லாமல் விடுதலை. நான் உங்களோடு போரிட வரவில்லை, உங்கள் விடுதலைக்காக ரோமோடு போரிட வந்தேன் என்ற செய்தியோடு வீட்டுக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு கன்னேயில் ரோம் கண்டது அதன் வரலாற்றிலேயே மிகப் பெரிய தோல்விகளில் ஒன்று. காபுவா மாறியது, சாம்னைட்டுகளில் பெரும்பாலோர் மாறினார்கள், பிறகு டாரென்டம்.

ஆனால் லத்தீன் குடியேற்றங்களில் ஒன்றுகூட அவருக்குக் கதவைத் தானாகத் திறக்கவில்லை. காபுவா மாறியதும் அதன் பக்கத்து ஊர்களான நோலாவும் நேப்பிள்ஸும் ரோமை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டன, ஏனென்றால் ரோமைவிடக் காபுவாவின் ஆதிக்கத்துக்கு அவை அதிகம் பயந்தன. ஊர்களைத் தனித்தனியாகப் பிரித்து வைத்ததன் வட்டி அது. ஹன்னிபாலுக்கு இன்னொரு சங்கடம்: தன்னிடம் வந்த ஒவ்வோர் ஊரையும் காப்பாற்ற அவரிடம் ஆளில்லை. கி.மு. 211-ல் காபுவா மீண்டும் விழுந்தபோது அதன் தலைவர்கள் கொல்லப்பட்டார்கள். இத்தாலியின் இரண்டாவது பெரிய நகரம் சபையில்லாத, நிலமில்லாத ஊராக நின்றது. ஆண்டுதோறும் ரோமிலிருந்து ஓர் அதிகாரி வந்து வழக்குப் பார்த்தார்.

விசுவாசத்துக்கும் எல்லை இருந்தது. கி.மு. 209-ல் 30 லத்தீன் குடியேற்றங்களில் 12, இனி அனுப்ப ஆளுமில்லை பணமுமில்லை என்று கையை விரித்தன. காலெஸும் ஆல்பா ஃபூகென்ஸும் அந்தப் பன்னிரண்டில் உண்டு. மீதிப் 18 ஊர்களின் சார்பில் எழுந்து, கேட்டதைவிட அதிகமாகத் தருகிறோம் என்று சொன்னவர் ஃப்ரெகெல்லே ஊர்க்காரரான மார்க்கஸ் செக்ஸ்டிலியஸ். ரோமைக் காப்பாற்றியது அந்தப் பதினெட்டு ஊர்கள்தாம் என்கிறார் லிவி.

ஃப்ரெகெல்லேயின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஹன்னிபால் தோற்றபின் ரோமுக்கு இத்தாலியரைக் கண்டு பயப்பட வேண்டிய அவசியமில்லை. ஸ்பெயினும் கிரேக்கமும் ஆசியாவும் திறந்தன. படையில் பாதி அல்லது பாதிக்கு மேல் நேசநாட்டாராகவே இருந்தார்கள். குடியுரிமைக் கதவோ மெல்ல மெல்லச் சாத்தப்பட்டது. குடிமகனைக் கசையால் அடிக்க அதிகாரிக்குத் தடையிருந்தது; நேசநாட்டானை அடிக்கத் தடையில்லை. அது என்ன மாதிரி வாழ்க்கை என்பதை ரோமானிய அரசியல்வாதி காயஸ் கிராக்கஸ் தன் மேடைப் பேச்சில் விவரித்தார். தியானும் நகருக்கு ஒரு ரோமானியக் கான்சல் வந்தார். அவர் மனைவிக்கு ஆண்கள் குளிக்கும் குளியல் கூடத்தில் குளிக்க ஆசை. உள்ளே இருந்தவர்களை வெளியேற்றச் சொல்லி ஆணை போனது. அம்மையார் வந்து, சீக்கிரம் காலி செய்யவில்லை, சுத்தமாகவும் இல்லை என்று கணவரிடம் குறைப்பட்டுக்கொண்டார். பொதுச் சதுக்கத்தில் கம்பம் நட்டு, ஊரிலேயே மதிப்புமிக்க மனிதரான மார்க்கஸ் மாரியஸின் துணியை உரித்து அடித்தார்கள். சேதி காலெஸுக்குப் போனதும் அந்த ஊர்க்காரர்கள் ஓர் உத்தரவு போட்டார்கள்: ரோமானிய அதிகாரி ஊரில் இருக்கும்போது யாரும் குளியல் கூடத்துக்குப் போக வேண்டாம். வெனூசியாவில் நடந்தது இன்னும் மோசம். பல்லக்கில் போன ரோமானிய இளைஞனைப் பார்த்து, என்ன, பிணம் கொண்டுபோகிறீர்களா என்று ஒரு மாட்டுக்காரன் கேலியாகக் கேட்டான். பல்லக்கைக் கட்டியிருந்த வார்களாலேயே அவன் சாகும்வரை அடிக்கப்பட்டான். வெனூசியா ரோமே நட்ட குடியேற்றம்.

கி.மு. 125-ல் கிளர்ந்தெழுந்த முதல் ஊர் ஃப்ரெகெல்லே. 84 ஆண்டுக்கு முன் ரோமுக்காக எழுந்து பேசிய அதே ஊர். ரோமானிய அதிகாரி லூசியஸ் ஒபிமியஸ் அதைத் தரைமட்டமாக்கினார்.

அடுத்த வெடிப்பை யாராலும் ஓர் ஊரோடு நிறுத்த முடியவில்லை. இத்தாலியருக்குக் குடியுரிமை தர மசோதா கொண்டுவந்த மார்க்கஸ் லிவியஸ் ட்ரூசஸ் கி.மு. 91-ல் தன் வீட்டிலேயே குத்திக் கொல்லப்பட்டார். அஸ்குலும் நகர மக்கள் தங்களை மிரட்டிய ரோமானிய அதிகாரியையும் ஊரிலிருந்த ரோமானியரையும் கொன்றார்கள். மார்சியர், பெலிக்னியர், சாம்னைட்டுகள் எனப் பல இனங்கள் சேர்ந்து கார்ஃபினியத்தைத் தலைநகராக்கி, அதற்கு இத்தாலிக்கா என்று பெயர் வைத்து, சொந்தச் செனட்டும் நாணயமும் ஏற்படுத்தின. அந்த நாணயங்களில் ஒன்றில் இத்தாலியக் காளை ரோமானிய ஓநாயைக் கொம்பால் குத்திச் சாய்க்கிறது. ரோமின் படையிலேயே பழகியவர்கள் என்பதால் இவர்களுக்கு ரோமானியப் போர்முறை தலைகீழ்ப் பாடம். இரண்டரை நூற்றாண்டாகத் தனித்தனியாக வைக்கப்பட்டிருந்தவர்களை ரோமின் முகாம்கள்தாம் ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்தன.

ரோம் போரிட்டுக்கொண்டே விட்டுக்கொடுத்தது. கி.மு. 90-ல் விசுவாசமாக இருந்தவர்களுக்குக் குடியுரிமை. அடுத்த ஆண்டு, 60 நாளுக்குள் ரோமில் அதிகாரி முன் பதிவு செய்கிறவர்களுக்கும் உண்டு என்று இன்னொரு சட்டம். பழைய கருவிதான்: எதிரிகளைப் பெயர் பெயராகப் பிரிப்பது. எழுச்சி பிசுபிசுத்தது. கி.மு. 115-ல் 3,94,336 ஆக இருந்த குடிமக்கள் தொகை, கி.மு. 70-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 9 லட்சமாயிற்று. அப்போதும் புதியவர்களைச் சில வாக்குப் பிரிவுகளில் மட்டும் அடைத்து அவர்கள் வாக்கின் மதிப்பைக் குறைக்க முயற்சி நடந்தது. அதை எதிர்த்தும் ரத்தம் சிந்தியது. வாக்களிக்க வேண்டுமானால் ரோமுக்கே வர வேண்டும் என்ற விதியோ மாறவேயில்லை. 500 கி.மீ.க்கு அப்பாலுள்ள பிருந்திசியத்துச் சிறு விவசாயிக்கு அது ஏட்டுச் சுரைக்காய்.

பெரிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் துணிந்த சிலருக்கும் வழி திறந்தது. கி.மு. 89-ல் அஸ்குலும் விழுந்தபின் ரோமில் நடந்த வெற்றி ஊர்வலத்தில், கைதிகளின் வரிசையில் தாயின் மடியில் ஒரு குழந்தை போனது, பெயர் வென்டிடியஸ். வளர்ந்து, அதிகாரிகளின் பயணத்துக்குக் கோவேறு கழுதையும் வண்டியும் வாடகைக்கு விட்டுப் பிழைத்தார். ஜூலியஸ் சீசரின் கண்ணில் பட்டு மேலே வந்து, கி.மு. 43-ல் கான்சலானார். கோவேறு கழுதை தேய்த்தவன் கான்சல் ஆகிவிட்டான் என்று ரோமின் தெருக்களில் கேலிப் பாட்டு எழுதி ஒட்டினார்கள். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, கிழக்கத்திய எதிரிகளான பார்த்தியரை வென்றதற்காக வெற்றி ஊர்வலம் கண்ட முதல் ரோமானியத் தளபதியாக அதே நகரத்தில் அவர் வலம் வந்தார்.